பெரிய கிராணி வீட்டு அலமாரியில் 11 போத்தல்: பழைய ஒயினுக்கு விலை போடுவது எப்படி?

பேராக்கின் சுங்கை சிப்புட் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது அந்த வீடு. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக (தலைமைக் குமாஸ்தாவாக) இருந்தவர், வேலையை விட்டபின் கட்டியது. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது பேத்தி வீட்டை விற்கப் போகிறார். சாமான்களை ஒதுக்கும்போது கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில் 11 போத்தல்கள் அகப்பட்டிருக்கின்றன.

"தம்பி, நீ கோலாலம்பூர்ல ஓட்டல்ல ஒயின் ஸ்டோர் பாத்தவன்தானே? வந்து ஒரு வெல சொல்லிட்டுப் போ. இங்கயே பசியாறிக்கலாம்" என்று அந்தப் பேத்தி, நான் அக்கா என்று அழைப்பவர், கூப்பிட்டார்.

தோசை சாப்பிட்டு முடித்துப் பார்த்தேன். விலை சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பதைத்தான் இரண்டு மணி நேரம் விளக்கினேன். உங்கள் வீட்டிலும் தாத்தா காலத்துப் போத்தல் நான்கு கிடக்கிறது, தெரிந்தவர் யாருக்காவது கொடுக்கலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றால், அன்று அக்காவிடம் சொன்னது உங்களுக்கும் உதவும்.

தமிழ்க் கிராணி வீட்டில் போர்ட் ஒயின் எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் தோட்டத்து வரலாறு தெரியாதவர்கள். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பின. இந்த ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். விற்காமல் வைத்திருந்த தோட்டங்களிலும் துரைமார்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். கப்பலில் ஏற்ற முடியாததெல்லாம் பங்களாவிலேயே நின்றது. பீங்கான் தட்டு சமையல்காரருக்கு, சாய்வு நாற்காலி தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸருக்கு, போத்தல் பெரிய கிராணிக்கு. இந்த வீட்டுக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில் என்று அக்காவின் அம்மா சொல்லியிருக்கிறார். இந்த ஒரு வரி முக்கியம். பின்னால் இதற்கே தனியாக வருகிறேன்.

அலமாரியில் இருந்தவை இவை. கோபர்ன் 1963 விண்டேஜ் போர்ட் இரண்டு (எழுத்தைப் பார்த்தால் காக்பர்ன் என்று படிக்கத் தோன்றும், வெள்ளைக்காரர்கள் கோபர்ன் என்றுதான் சொல்வார்கள்). 20 ஆண்டு டானி போர்ட் மூன்று, அக்காவின் மாமா பின்னாளில் விமான நிலையத்தில் வாங்கி வந்தது. ஹார்வீஸ் பிரிஸ்டல் கிரீம் ஷெர்ரி நான்கு, பளபளவென்ற நீலக் கண்ணாடியில். பழுப்பேறிய ஒற்றை மடெய்ரா, அதே பெயருள்ள தீவின் ஒயின். கடைசியாக, பாதி காலியான வின்கார்னிஸ் டானிக் ஒயின். அது பாட்டியின் பிள்ளைப்பேற்று மருந்து, கணக்கில் சேராது.

அக்காவின் கண் நீலப் போத்தல்களிலேயே இருந்தது. மடெய்ராவைக் கேக் மாவில் ஊற்றிவிடலாமா என்றுகூடக் கேட்டார். என் பார்வையில் வரிசை அப்படியே தலைகீழ்.

வலுவூட்டிய ஒயின் என்றால்

திராட்சைச் சாறு நொதிக்கும்போது அதன் சர்க்கரை ஆல்கஹாலாக மாறுகிறது. போர்த்துக்கல்லின் டோரோ பள்ளத்தாக்கில் அந்த வேலையைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். திராட்சையிலிருந்தே காய்ச்சிய, 77 விழுக்காடு வலுவுள்ள சாராயத்தை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கும். 550 லிட்டர் பீப்பாய்க்கு ஏறக்குறைய 435 லிட்டர் சாறு, 115 லிட்டர் சாராயம். கடைசியில் 19 முதல் 22 விழுக்காடு வலு. சாராயம் சேர்த்து வலுவூட்டுவது என்பது இதுதான், இப்படி வருவதுதான் போர்ட். ஸ்பெயினின் ஹெரெஸ் வட்டாரத்து ஷெர்ரிக்கு நொதித்து முடிந்தபிறகு சாராயம் சேர்ப்பார்கள், அதனால் அது இயல்பில் இனிப்பில்லாதது. கிரீம் வகைக்கு இனிப்பு பின்னால் கலப்பது. உப்பும் எண்ணெயும் ஊறுகாயைக் காப்பதுபோல, சாராயமும் சர்க்கரையும் இந்த ஒயின்களைக் காக்கின்றன. சாதாரண ஒயினைவிட நீண்ட ஆயுள் என்பது அதனால்தான்.

ஆனால் நீண்ட ஆயுள் வேறு, வயது ஏற ஏற மதிப்பு ஏறுவது வேறு. புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. விண்டேஜ் போர்ட், அதாவது ஒரே ஆண்டு அறுவடையில் செய்தது, அறுவடையாகி இரண்டு, மூன்று வருடத்திலேயே போத்தலுக்குள் போய்விடும். மிச்ச வளர்ச்சி எல்லாம் போத்தலுக்குள்ளேதான், பத்து இருபது அல்ல, ஐம்பது வருடம்கூட. டானி அப்படியில்லை. அது மரப் பீப்பாயில் இருந்து, நிறம் வெளுத்து, பக்குவப்பட்டு, குடிக்கத் தயாரான நிலையில் அடைக்கப்படுவது. லேபலில் இருக்கும் '20 ஆண்டு' பீப்பாய் வயதைக் குறிக்கும் ஒரு தரப்பெயர். போத்தலில் கிடந்த வருடங்களுக்கு அதில் மதிப்பெண் கிடையாது.

அக்கா வீட்டு டானியின் பின்பக்கச் சிட்டையில் அடைத்த ஆண்டு 1998 என்று இருந்தது. "அப்ப 20ஓட இதையும் கூட்டினா அம்பது வருசத்துக்குக் கிட்ட ஆச்சே" என்றார். கூட்டக்கூடாது. இன்று கடையில் புதிதாகக் கிடைக்கும் அதே டானியின் விலைதான் இதற்கு உச்சவரம்பு. கால் நூற்றாண்டு சூடான வீட்டில் நின்றதற்கு அதிலிருந்து கீழே இறங்க வேண்டும். பாதிக்கு மேல் கிடைத்தால் வாங்குகிறவர் நல்ல மனிதர்.

இதேபோல ஏமாற்றும் இன்னொரு சொல் சொலேரா. ஹெரெஸில் பீப்பாய்களை வரிசை வரிசையாக அடுக்கி, மிகப் பழைய வரிசையில் கொஞ்சம் எடுத்து அடைப்பார்கள். எடுத்த இடத்தை அடுத்த வரிசையிலிருந்து நிரப்புவார்கள், அதை அதற்கடுத்ததிலிருந்து. சிட்டையில் 'சொலேரா' என்ற சொல்லோடு 19ஆம் நூற்றாண்டு ஆண்டு ஒன்று இருந்தால், அந்த அடுக்கு தொடங்கிய வருடம் அது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி அதைவிட எவ்வளவோ இளையது. அக்காவின் மடெய்ராவிலும் அப்படி ஒரு ஆண்டு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு "நூறு வருசத்துச் சரக்கு" என்று எழுதிவிடாதீர்கள். தெரிந்தவர் கண்ணில் பட்டால் உங்கள் மற்ற போத்தல்களையும் சந்தேகப்படுவார்.

நீலப் போத்தலைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பிரிஸ்டல் கிரீம் அந்த நீலக் கண்ணாடிக்கு மாறியது 1994இல்தான். அழகு போத்தலில், சேகரிப்போர் சந்தையில் மதிப்பு இல்லை. பூச்செடி வைக்கலாம்.

ஒரு போத்தலுக்கு இரண்டு விலை

நகைக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து கிராம் சங்கிலியை வாங்கும்போது தங்க விலையோடு செய்கூலி, சேதாரம் எல்லாம் ஏறும். அதே சங்கிலியை மறுநாள் அதே கடையில் விற்கப் போனால் அவை கழிந்துவிடும். ஒரே சங்கிலி, ஒரே நாள், இரண்டு விலை. 'உண்மையான விலை எது' என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் இரண்டுமே உண்மை. ஒயினிலும் அதே கதைதான்.

ஏலத்தில் ஒரு போத்தலுக்குச் சுத்தியல் விழும்போது 1,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்கிறேன். எடுத்தவர் அதற்கு மேல் ஏல நிறுவனத்துக்கு 20 முதல் 25 விழுக்காடு தரகு கட்டுவது வழக்கம். 25 என்றால் அவர் கையிலிருந்து போவது 1,250. விற்றவரிடமும் தரகு பிடிப்பார்கள். 10 விழுக்காடு என்றால் அவர் கைக்கு 900, அதிலும் அனுப்பிய செலவு, காப்புறுதி போகும். நடுவில் இருக்கும் 350 வெள்ளி ஏலக்காரருடையது.

தனியாருக்குத் தனியாக விற்பதன் சூட்சுமம் அந்த 350இல் இருக்கிறது. நடுவில் ஆள் இல்லாததால் அதை நீங்களும் வாங்குகிறவரும் பங்கிட்டுக்கொள்கிறீர்கள். 900க்குக் கீழே கொடுத்தால் உங்களுக்கு நட்டம், ஏலத்துக்கே அனுப்பியிருக்கலாம். 1,250க்கு மேல் கேட்டால் அவருக்கு நட்டம், ஏலத்திலேயே எடுத்திருக்கலாம். நியாயமான தனிவிலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ. பழகிய ஆள், ரொக்கப் பணம், நீங்களே வீடு தேடிப் போய்க் கொடுக்கும் அலைச்சல் இல்லை என்றால் கீழ்முனைக்கு அருகில். ஆள் அந்தப் போத்தலைத்தான் தேடி வந்திருக்கிறார் என்றால் மேல்முனைக்கு அருகில்.

அந்த 1,000ஐ எங்கே பார்ப்பது? ஒயின்-சர்ச்சர் போன்ற விலைதேடு தளங்களில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் கடைகள் கேட்கும் விலை. கேட்கும் விலை வேறு, போன விலை வேறு. லண்டன் கடையில் ஒரு போத்தல் எட்டு மாதமாக விற்காமல் நின்றாலும் அந்த எண் அங்கேயே மின்னிக்கொண்டிருக்கும். ஏல நிறுவனங்கள் பழைய ஏல முடிவுகளை வெளியிடுகின்றன, அவற்றைத் தேடுங்கள். ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே அளவுப் போத்தல், கடைசி இரண்டு வருடத்தில் போனவை என்று நான்கைந்தாவது எடுங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கி நடுவில் இருப்பதைப் பிடியுங்கள். அந்த எண்ணில் எடுத்தவர் தரகு சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று கட்டாயம் பாருங்கள். சில இடங்களில் சேர்த்துப் போடுவார்கள், சில இடங்களில் சுத்தியல் விலை மட்டும். இதைக் கவனிக்காமல் கால் பங்கு கூடுதலாக எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. இன்னொன்று, 12 போத்தல் மரப்பெட்டியோடு ஆணி பிடுங்காமல் போன விலையை 12ஆல் வகுத்து உங்கள் ஒற்றைப் போத்தலுக்குப் போடாதீர்கள். உதிரிக்கு எப்போதும் மாற்றுக் குறைவு.

கைப்பேசி வெளிச்சத்தில்

சந்தை விலை நல்ல போத்தலுக்கு. உங்கள் போத்தல் நல்ல போத்தலா?

1963 கோபர்னில் ஒன்றை மேசையில் வைத்து, அறையை இருட்டாக்கி, கழுத்துக்குப் பின்னால் கைப்பேசி விளக்கை வைத்தேன். கருப்பாகத் தெரிந்த கண்ணாடி பச்சையாக மாறியது. முதலில் பார்ப்பது மட்டம். ஒயின் கழுத்துக்குள் நிற்கிறதா, கழுத்தடியில் நிற்கிறதா, தோள்பட்டைக்கு இறங்கிவிட்டதா? அறுபது வயதுப் போர்ட் கழுத்தடியில் நின்றால் மிக நல்லது, தோளின் மேல்பகுதி என்றால் பரவாயில்லை. தோளின் நடுவுக்கு வந்துவிட்டால் தக்கை ஒழுங்காக வேலை செய்யவில்லை, காற்று உள்ளே போய்வருகிறது என்று பொருள். தோளுக்கும் கீழே என்றால் போத்தலுக்குத்தான் விலை. அக்காவின் இரண்டில் ஒன்று தோளின் மேல்பகுதி, மற்றொன்று தோள் நடு.

அடுத்தது தக்கை. கழுத்தை மூடிய உறையின் ஓரத்தில் பிசுபிசுப்பான கறை ஓடியிருந்தது. விரலால் தொட்டால் வெல்லப்பாகு காய்ந்ததுபோல் ஒட்டியது. கசிந்திருக்கிறது. தக்கை உறைக்குள் மேலே எழும்பியிருந்தால் அது சூட்டில் ஒயின் விரிந்து தள்ளியதன் அடையாளம். இந்த இரண்டில் அப்படி எழும்பவில்லை.

பிறகு உடம்பு. ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு ஒரு கோடு இருந்தது. யாரோ பெயின்ட் சிந்திவிட்டார்கள் என்று அக்கா சுரண்டப் போனார், கையைப் பிடித்தேன். விண்டேஜ் போர்ட்டைப் படுக்க வைப்பார்கள். வண்டல் ஒரே பக்கம் அடைவதற்காக, மேலே இருக்க வேண்டிய பக்கத்தில் அந்தக் கோட்டைப் போடுவது பழைய வழக்கம். அதைச் சுரண்டினால் ஒரு சாட்சியைச் சுரண்டுகிறீர்கள். சிட்டை செல்லரித்துப் போயிருந்தது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அந்தக் காலத்து விண்டேஜ் போர்ட் பலவும் பீப்பாயோடு இங்கிலாந்து போய் அங்குள்ள வணிகர்களால் அடைக்கப்பட்டவை. சிட்டையே இல்லாமல்கூட வந்தன. தக்கையின் பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் சுட்டிருக்கும். உறையை ஒரு விரற்கடை வெட்டி வெளிச்சம் பிடித்தால் கண்ணாடி வழியாகப் படிக்கலாம். '1963' தலைகீழாகத் தெரிந்தபோது எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது.

இத்தனையும் இப்போது சொல்கிறேனே தவிர, நானே ஒருமுறை இதைச் செய்யாமல் வாங்கியிருக்கிறேன். பல வருடம் முன்பு, வேறொரு ஊரில், சிட்டை பளிச்சென்று இருந்ததைப் பார்த்துவிட்டு வெளிச்சம் பிடிக்காமல் இரண்டு போத்தலுக்குப் பணம் கொடுத்தேன். சிட்டை பளிச்சென்றுதான் இருந்தது. உள்ளே இருந்தது புளி கரைத்த தண்ணீர்.

நம்மூர் வெயில்

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். எழுபதுகளிலிருந்து இந்த அலமாரியில்தான் இருந்தது. சேகரிப்பு உலகில் போத்தலின் பூர்வீகம் தெரிவது பெரிய விஷயம். துரை கொடுத்தார், கிராணி வைத்தார், யாரும் கைமாற்றவில்லை என்றால் போலி என்ற பயம் போய்விடும். அக்காவிடம் பங்களா வாசலில் துரையும் தாத்தாவும் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. அதைப் படியெடுத்துப் போத்தலோடு கொடுக்கச் சொன்னேன். ஆனால் அதே பூர்வீகம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது: குளிர்சாதனம் இல்லாத பேராக் வீட்டில் ஐம்பது வருடம். விண்டேஜ் போர்ட்டுக்கு உகந்த சூடு 12, 14 டிகிரி. இங்கே பகலில் 32. சூடு ஏற ஏற உள்ளே நடக்கும் மாற்றமெல்லாம் வேகமாகிறது. 1963 எல்லோரும் கொண்டாடும் போர்ட் ஆண்டு. லண்டன் நிலவறையில் அது இன்னும் நிதானமாக இருக்கும். சுங்கை சிப்புட்டில் எப்போதோ ஓடி முடித்திருக்கும். ஏல முடிவுகளில் பார்க்கும் விலை அந்த நிலவறைப் போத்தலின் விலை. நம்முடையதற்கு மூன்றில் ஒரு பங்கு என்று தொடங்கி, தோள் நடு வரை இறங்கியதற்கு அதிலும் குறைப்பேன். போதாததற்கு இவை படுக்காமல் நின்றுகொண்டே இருந்தன. தக்கை நனையாமல் காய்ந்துவிட்டது.

மடெய்ராவுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அதுதான் வேடிக்கை. போர்த்துக்கல்லுக்குச் சொந்தமான அந்த அட்லாண்டிக் தீவிலிருந்து வெப்பமண்டலம் வழியாகப் போன கப்பல்களில், அடித்தட்டுச் சூட்டில் வெந்த ஒயின் கெடாமல் இன்னும் ருசியாகத் திரும்பி வந்தது. அதைப் பார்த்தபின் வேண்டுமென்றே சூடாக்கத் தொடங்கினார்கள். இன்றும் சாதாரண மடெய்ராவைத் தொட்டியில் 45, 50 டிகிரியில் குறைந்தது மூன்று மாதம் வைக்கிறார்கள். உயர்ந்த வகையை வெயில் படும் மேல்மாடத்தில் பீப்பாயில் வருடக்கணக்கில் விடுகிறார்கள். கெடுவதற்கு வேண்டியதையெல்லாம் முன்பே அனுபவித்துவிட்ட ஒயின் அது. நம்மூர் வெயில் அதற்கு ஏர்கான். அதை நிறுத்தி வைப்பதே முறையும்கூட, படுக்க வைத்தால் தக்கையை அரிக்கும். ஆக, எல்லாவற்றையும் நிறுத்தி வைத்த தாத்தா போர்ட்டுக்குச் செய்த தவறே மடெய்ராவுக்குச் சரியாகிவிட்டது. மட்டம் கழுத்தடியில், தக்கை உறுதி. சந்தை விலையில் பெரிதாகக் குறைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. கேக் மாவிலிருந்து தப்பித்த போத்தல்தான் அந்த அலமாரியின் ராஜா.

நம் நாட்டில் எட்டிப் பார்க்கவேண்டிய இன்னொரு படி சட்டம். 1976ஆம் ஆண்டு கலால் சட்டத்தின்படி மதுபானம் விற்க உரிமம் வேண்டும். 'வீட்டுச் சாமான்தானே' என்று நீங்களாகத் தீர்மானித்துக்கொள்ளாமல், உரிமம் உள்ள ஒயின் வணிகர் ஒருவர் வழியாகக் கைமாற்றுவதே உத்தமம். அவருக்கு ஒரு சிறு பங்கு போகும், அதை மேலே சொன்ன 350க்குள் அடக்கிக்கொள்ளலாம். 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக்கூடாது. முகநூலில் படம் போட்டுக் கூவி விற்பது வேண்டவே வேண்டாம்.

பிறகு நானும் அக்காவும் ஒரு தாளில் எழுதினோம். ஒவ்வொரு போத்தலுக்கும் பெயர், ஆண்டு, மட்டம், தக்கை, கசிவு, எங்கே எவ்வளவு காலம் இருந்தது. குறையை முதலில் எழுதச் சொன்னேன். வாங்குகிறவர் தானாகக் கண்டுபிடிக்கும் குறை ஒவ்வொன்றுக்கும் அவர் குறைப்பது, நீங்கள் சொல்லிக் குறைப்பதைவிட அதிகமாக இருக்கும்.

ஒரே மாதிரி இரண்டு இருக்கும்போது செய்யக்கூடிய ஒன்று உண்டு, துணிச்சல் வேண்டும். மட்டம் இறங்கிய கோபர்னைத் திறந்துவிடலாம் என்றேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தாவே ஒண்ணு ஒடைக்காமப் போயிட்டாரு. ஒட" என்றார். தக்கை பாதியில் முறிந்து மாவாக உதிர்ந்தது. வண்டலை வடிகட்ட வீட்டில் வேறு வழியில்லாமல், எதிர்க் கொப்பிக்கடையில் புதிதாக ஒரு வடிதுணி வாங்கி வந்து அதில் ஊற்றினோம். கொஞ்சமாவது சிவப்பு மிஞ்சியிருக்க வேண்டியது பழுப்பாக இறங்கியது. வாசனையில் கருப்பட்டியும் காய்ந்த திராட்சையும். நாக்கில் முதலில் இனிப்பு, கடைசியில் ஒரு புளிப்புக் கீறல். குடிக்கலாம், கொண்டாட முடியாது. தாளில் மற்றக் கோபர்னுக்கு எதிரே அக்கா தன் கையாலேயே எழுதினார்: 'இதன் ஜோடி திறக்கப்பட்டது. நிறம் பழுப்பு. இலேசான புளிப்பு.' விலையை நான் சொன்னதிலிருந்து இன்னும் பாதியாக்கினோம்.

இரண்டு வாரத்தில் ஈப்போ வணிகர் ஒருவர் மூலம் ஆள் வந்தார். மடெய்ராவை வெளிச்சம் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டார். கோபர்னின் தாளை இரண்டு முறை படித்தார். புளிப்பு என்று எழுதியிருந்த இடத்தில் சிரித்தார். "பரவால்லக்கா, குடிக்க இல்ல. என் அண்ணன் பொறந்தது அறுபத்து மூணு" என்று சொல்லி அதையும் பெட்டியில் வைக்கச் சொன்னார், இந்த முறை படுக்க வைத்து, வெள்ளைக் கோடு மேலே தெரியும்படி.